துரும்பு

கஸ்தூரியார் வீதிக் கடையில
அறுபத்தைந்து அங்குலத்துக்குள்ள ஒரு கடல் ஓடிக்கொண்டிருந்தது.
எங்கட கடலைவிட நீலம்.
வலை இல்லை, பிளாஸ்ரிக் போத்தில் இல்லை,
கரையில ஆரும் மூக்கைப் பொத்தேல்லை.

"முற்பணம் வேண்டாம் அண்ணை" எண்டான் ரை கட்டின பெடியன்.
மாதம் பதினொராயிரத்துச் சொச்சம், முப்பத்தாறு மாதம்.
விரல் மடிச்சுப் பாத்தன்:
மூத்தவன் ஏ.எல். எழுதி முடிக்கிற வரைக்கும்
சுவரில தொங்கிற ஒரு சாமானுக்காக
நான் ஐஸ் உடைக்கவேணும்.

படிவத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தன்.
மெற்றில்டா வாசிச்சாள்,
சின்ன எழுத்தையும் விடாமல் வாசிச்சாள்,
பிறகு திருப்பிப் பாத்தாள்.
"பின்பக்கம் நல்ல வெள்ளை."

அதிலதான் இப்ப முந்நூற்றிநாலுக் கணக்கு எழுதுறம்.

குருநகர் மாடி, மூண்டாந்தட்டு,
படி திரும்பிற இடத்தில
கவுட்டுவைச்ச மீன்பெட்டிதான் மேசை.
டயமன் ஏழு துலைஞ்சு கனநாள்,
ஜோக்கரில பேனையால ஏழு கீறியிருக்கு.
எதிர்வீட்டு யேசுறஞ்சன் என்ர பக்கம்.
கேள்வி கேக்கேக்க கண்ணை மூடுவான், பூசையில மாதிரி.
அவன்ர மனுசி பிறிம்றோஸ்
மெற்றில்டாவுக்குக் களவாச் சிமிட்டுவாள்.
எல்லாருக்கும் தெரியும். ஆரும் சொல்லுறேல்லை.
தோற்றால் காதில உடுப்புக் கிளிப்பு.
எனக்கு ரெண்டு காது காணாது.

பொய் ஏன் சொல்லுவான்,
போன கிழமை இறுதி மாட்ச் நடக்கேக்க
கீழ்வீட்டு யன்னலுக்கால வந்த வெளிச்சத்தில
என்ர கை துரும்பை மறந்திட்டுது.
ஒரு கத்தல்.
ஆறோ விக்கெட்டோ தெரியேல்லை.
எழும்பப் பாத்தன்.
"போறதெண்டால் கிளிப்பைக் கழட்டாமல் போங்கோ" எண்டாள் மெற்றில்டா,
கடுதாசியில இருந்து கண் எடுக்காமல்.
படிக்கட்டு முழுக்கச் சிரிச்சுது.
திரும்ப இருந்தன்.

பிரான்சில இருந்து தம்பி:
"இன்னும் அந்தப் பழைய போனே? ஒண்டும் தெளிவில்லை அண்ணை."
தெளிவில்லாத போனைத்தான்
என்ர கைக்கு நேர பிடிச்சன்.
"ஒன்பதை இறக்குங்கோ!" எண்டு கத்தினான்.
பிறிம்றோசுக்கும் கேட்டிட்டுது.

இண்டைக்குத் திரும்பவும் கடையால கோல்.
ஞாயிறோட ஓஃபர் முடியுது எண்டு நேற்றே சொன்னவன்.
போன் நடுங்கி நடுங்கிப் பெட்டி விளிம்புக்குப் போகுது.
சோளகம் அடிக்குது.
படிவம் பறக்காமல் அதுக்கு மேல
யேசுறஞ்சன்ர தேத்தண்ணிக் கோப்பை.
ஒருத்தரும் எடுக்கேல்லை.
மெற்றில்டா கவுட்டுவைச்ச துரும்பை
மெல்லத் திருப்பினாள்.

கிளாவர்.
நான் அப்பவே நினைச்சனான்.