பதினோரு மணிக்கு மேல்

காலையில் நல்ல பிள்ளை.
செல்லூர்க் கண்மாய்க் கரையில் ஆறரைக்கு அமுக்கினால்
டக்கென்று ஏறி டக்கென்று இறங்கும் உள்கண்ணாடி.
பதினோரு மணிக்கு மேல்
ஏறினது ஏறினதுதான்.
துளையில் கண்ணை வைத்தால்
கரி பிடித்த சட்டியின் அடி.

தெற்குவாசல் பாலத்தடியில் விற்ற ஜெய்லானி
மறைக்கவில்லை.
"ஒரு தட்டு தட்டுங்கக்கா, எறங்கிரும்.
எங்க வீட்டு மிக்சியும் அப்பிடித்தான்."
என் எதிரிலேயே நாலு தட்டு தட்டினான்.
ஆயிரத்து எண்ணூறில்
தட்டுக்கு நூறு குறைத்து வாங்கினேன்.

எனக்கு வேலை மின்வாரியத்தில், கணக்கெடுப்பு.
நாளைக்கு இருநூறு மீட்டர்,
அதில் பாதி வீட்டில் நாய்.
காமிரா கைப்பைக்குள்
டிபன் பாக்சோடு கிடந்து வேகும்.
அக்கினி நட்சத்திரம் பிறந்த அன்று
தார் ரோடு என் செருப்பைப் பிடித்து இழுத்தபோதுதான்
உறைத்தது.

கழற்றிப் பார்த்தேன்.
கண்ணாடி போய் மோதும் இடத்து நுரைப்பட்டை
முப்பது நாற்பது வருசத்தில் மக்கி
பலாப்பிசினாக நிற்கிறது.
வெயில் ஏற ஏற இளகி
மேலே வரும் கண்ணாடியைப்
போகவிடாமல் பிடித்துக்கொள்கிறது.
ஜப்பானில் செய்தவனுக்கு
மதுரை மே மாதத்தை யார் சொல்லியிருப்பார்கள்?

ஆனால் படத்துக்கு ஒன்றும் ஆகாது.
ஃபிலிமில் விழவேண்டியது விழுந்த பிறகுதான்
இந்த இழுபறி.
தபாலில் சென்னை போய்க் கழுவி வந்த சுருளில்
கைலி உலரும் மொட்டைமாடி,
மீட்டர் பெட்டிக்குள் குளவிக்கூடு,
எல்லாம் கணக்காய் இருந்தன.
இருட்டு எனக்கு மட்டும்.

வாரியத்தில் இதற்கு ஒரு குறிப்பு உண்டு: கதவு பூட்டு.
ஆள் இல்லாத வீட்டுக்குப்
போன தடவைத் தொகையைப் போட்டுவிட்டு நகரலாம்.
மூன்று வாரம் அப்படித்தான் ஓட்டினேன்.
அமுக்குவேன், இருளும்,
கடைசியாய்ப் பார்த்ததை நினைத்துக்கொண்டே
அடிப்பாகத்தில் உள்ளங்கையால் தட்டுவேன்.
மீனாம்பாள்புரத்தில் ஒரு அம்மா சிரித்தது:
"பச்சப்புள்ளைக்கு ஏப்பம் எடுக்கிற மாதிரில்ல இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை
மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன்.
பல்குச்சி, பஞ்சு, மருந்துக்கடை ஸ்பிரிட்.
மூச்சை அடக்கி அடக்கிச் சுரண்டியதில்
நகக்கண் அளவு கரும்பிசின்.
கண்ணாடி முகத்தில் மட்டும் படக்கூடாது.
ஓரத்தில் ஒரு பொட்டுப் பட்டது.
போகட்டும்.

புது மெத்தைக்கு எதை வைப்பது?
பீரோவைத் திறந்தேன்.
சங்கிலி அடகுக்குப் போய் இரண்டு வருசம்.
அதன் பெட்டி மட்டும்
சிவப்பு வெல்வெட்டை வைத்துக்கொண்டு
வாயை மூடிக் கிடந்தது.
கொக்கி அழுத்தாத மூலையில்
மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு
பிளேடால் அறுத்தேன்.
வெளிச்சம் சிதறுமாம், கறுப்புத்தான் வேண்டுமாம்;
மார்க்கரால் கறுப்பாக்கினேன்.
இன்னமும் ஒரு விளிம்பில் சிவப்புத் தெரிகிறது.

"சங்கிலி திரும்பி வந்தா எங்க படுக்கும்?"
என்றார் ஒச்சப்பன்.
"மொதல்ல வரட்டும்."
பசை காயும்வரை
இரண்டு பேரும் பேசவில்லை.

திங்கள், மதியம் ஒன்றரை.
தத்தனேரியில் ஒரு நீலக் கதவு.
"நான் சொல்றேன், நீங்க எழுதுங்க" என்று
ஸ்டூல் போட்டு ஏறி
மீட்டரை உரக்கப் படித்தாள்
ஆறாம் வகுப்புப் போகப்போகிறவள்.
எழுதிக்கொண்டே எடுத்து,
அமுக்கினேன்.

ஏறியது.
அந்த வெயிலிலும் இறங்கியது.
நீலக் கதவு. ஸ்டூல்.
'எட்டு' சொல்லப் பாதி திறந்த அதே வாய்.
என் உள்ளங்கைதான் பழக்கத்தில்
அடியில் போய் ஒரு தட்டுத் தட்டிற்று.

"கெட்டுப்போச்சா?" என்றாள்.
"இல்லடா.
நீ படி. எட்டுக்கு அப்புறம்?"