ஏத்தம் எந்தப் பக்கம்

பத்மகௌரி ஹாலிஎலவிலிருந்து மாற்றலாகி வந்தவள்.
மந்திகை ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
எனக்குப் பக்கத்துக் கதிரை.
வந்த மூன்றாம் நாளே கேட்டாள்:
"இங்க ஏத்தம் எந்தப் பக்கம்?"

நான் கடலைக் காட்டினேன், வேறென்ன செய்ய.
நாங்கள் ஏறுகிற ஆகப் பெரிய உயரம்
வங்கியின் இரண்டாம் மாடி.
அதற்கும் லிஃப்ட் பூட்டிவிட்டார்கள்.

அவளுடைய ஊரில் குறுக்குப் பாதை என்றால் நிஜமாகவே குறுக்கு,
ரோட்டு சுற்றிச் சுற்றிப் போகிறதை
ஒரே மூச்சில் வெட்டிப் போகும் மண்படிகள்.
மழைக்கு ஒன்று, அட்டை இல்லாத மாதத்துக்கு ஒன்று,
யாரோடும் கதைக்க விருப்பமில்லாத நாளுக்கென்று ஒன்று.
அலுமாரியைத் திறந்து சட்டை எடுக்கிற மாதிரி
பாதை எடுப்பாளாம்.

எங்களுக்கு நடை என்றால்
சைக்கிள் காற்றுப்போன நாள்.

ஆனாலும் ரோசம் விடவில்லை.
ஊசிப்பெட்டி மூடியைக் கிழித்துப் பின்பக்கம் வரைந்தேன்.
கப்பூது வயல்வரம்பு, விடியவெள்ளன நல்லது,
ஆனால் மூன்றாவது கொட்டிலடியில் பெட்டைநாய் குட்டி போட்டிருக்கு.
தொண்டைமானாற்று நீரேரிக் கரை. வடிவுதான்.
போன மாரியில் அந்தச் சேற்றில் நின்றுவிட்ட என் இடக்கால் செருப்பு
இன்னும் வரவில்லை.
மணற்காட்டில் சவுக்குக்குள்ளால் போய்
மணற்கும்பி ஏறலாம். ஏத்தம் மாதிரி இருக்கிறது அது ஒன்றுதான்,
ஆனால் நேற்று நின்ற இடத்தில் இன்றைக்கும் நிற்குமோ சொல்லேலாது.

பிறகு ஒரு ஒழுங்கை வரைந்தேன்,
பனங்கூடலுக்குள்ளால் கடல்வரைக்கும்.
வரைந்துவிட்டு அழித்தேன்.
மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கழற்றி எத்தனையோ வருசம்,
கால் மட்டும் இன்னமும் சுற்றித்தான் போகிறது.
அவள் ஏன் என்று கேட்கவில்லை.
அழித்த இடத்தில் விரலை வைத்து
எடுத்தாள்.

"இது என்னா, வெறுங்கோடா கெடக்கு?"

வல்லைவெளி. அதில் ஒன்றும் இல்லை என்றேன்.
நிழல் இல்லை, கடை இல்லை,
ஒதுங்க ஒரு பூவரசும் இல்லை,
இரண்டு பக்கமும் தரவை, நடுவில் தார்,
மினிபஸ்காரன் ஹோர்ன் அடித்தபடி உரசிக்கொண்டு போவான்.

"அப்ப அதுக்கே போவோம்."

ஆடி மாதம். ஐந்தரைக்கு நெல்லியடியில் வெளிக்கிட்டோம்.
கடைசி வீட்டு மதில் முடிந்ததும்
சோளகம் நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது.
என் தொப்பி நெல்லியடிக்கே திரும்பிப் போனது.
கதைத்ததெல்லாம் பின்னுக்குப் பறந்ததால்
கதையை விட்டோம்.
அவள் முன்னுக்கு வளைந்து,
குதியை ஊன்றாமல், சின்னச் சின்ன அடியாக
எதையோ முதுகில் கட்டிச் சுமப்பவளைப்போல நடந்தாள்.
இந்த நிலத்தில் அப்படி நடந்தவர்களை நான் கண்டதில்லை.

பாலத்தடியில் நின்று
இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி மூச்சு வாங்கினாள்.
"இந்தா கெடக்கு ஒங்க ஏத்தம்!
இவ்வளவு பெருசா வச்சிக்கிட்டு
இல்லேன்னு சொன்னீங்களே."

பள்ளிக்கூடக் காலம் முழுக்க
மிதிகட்டையில் எழும்பி நின்று உழக்கிய காற்று.
திட்டியிருக்கிறேன், அழுதும் இருக்கிறேன்.
உயரம் என்று ஒருநாளும் கணக்கெடுக்கவில்லை.

திரும்பும்போது முழுக்க இறக்கம்.
கால்கள் எங்களைக் கேட்காமலே போயின.
ஒரு கொக்குக் கூட்டம் எங்களுக்குச் சமமாய்ப் பறந்து
களைத்து நீரேரியில் இறங்கியது,
அல்லது களைத்ததாக நான் நினைத்துக்கொண்டேன்.
தொப்பி ஒரு வேலிக்கதியாலில் மாட்டியிருந்தது.

திங்கட்கிழமை மூடியை வாங்கி
வல்லைவெளியின் மேல்
நெருக்க நெருக்கமாய் உயரக் கோடுகள் போட்டாள்.
நான் சொன்னேன், உது ஆவணி புரட்டாதி மட்டும்தான்.
வாடை தொடங்கினால்
மலை இடம்மாறி எங்கட பக்கம் வந்துவிடும்.

பேனையைக் கடித்தபடி யோசித்தாள்.
"அப்ப பஸ்ஸில அங்க போயிட்டு
வீட்டுக்கு ஏறி வருவோம்."