பன்னிரண்டாவது வளைவு

மல்லாந்து படுக்கணும். கால் முன்னால்.
பாதையைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் தலை உயரும்,
உயர்ந்த தலையைக் காற்று பிடித்துக்கொள்ளும்.

ஏற்காட்டு மலைச்சாலை. விடிய இன்னும் அரைமணி.
செவ்வாய்ப்பேட்டையில் எடைக்கு வாங்கிய பேரிங்,
அன்சார் பட்டறையில் பற்றவைத்த சட்டம்,
முதுகுக்கும் தாருக்கும் நடுவே நாலு விரற்கடை.
பனிச்சறுக்குப் பந்தயத்துக்கு
பனியே பார்க்காத பயிற்சி.

வளைவுக்கு ஓர் ஆள் நிறுத்த வசதியில்லை.
பன்னிரண்டில் மட்டும் ஃப்ளோரின்.
காதுக்குள் அவள் குரல்:
"பாக்சைட் லாரி போயிருச்சு. காலி. வா."

கெண்டைக்கால் அழுத்தினால் திரும்பும்,
பயந்து அழுத்தினால் கூடுதலாகத் திரும்பும்.
பதினைந்து.
பதினான்கு.
சில்வர் ஓக்குகள் இப்போது மரங்களில்லை,
வானத்தில் யாரோ ஈரவிரலால் இழுத்த கோடு.
கைக்கடிகாரம் எழுபத்திரண்டு என்றிருக்கும்,
யார் பார்த்தது.

பதின்மூன்று தாண்டுகையில் "நில்லு!"

நிற்பது, இந்த வண்டிக்குத் தெரியாத வினைச்சொல்.
இரண்டு குதிகாலையும் தாரில் ஊன்றினேன்.
ரப்பர் கருகியது.
வளைவுக் கண்ணாடிக்குள் பால்வண்டியின் மஞ்சள் விளக்கு
பெரிதாகி, இன்னும் பெரிதாகி
ஒரு சாண் தள்ளிக் கடந்தது.
ஓட்டுநர் ஹாரன்கூட அடிக்கவில்லை.
நான் இருந்ததே அவருக்குத் தெரியாது.

ஃப்ளோரின் ஓடிவந்து அறைந்தாள்.
ஹெல்மெட்டில் பட்டு அவள் கைதான் வீங்கியது.
கீழே சேலம் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருக்க
நெஞ்சு மட்டும் நிற்காமல்
பதினொன்று, பத்து, ஒன்பது என்று
இறங்கிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை ஷூக்கடைக்காரர் கேட்பார்,
"ஒரே மாசத்துல குதிகால் எப்படிங்க தேயுது?"
நிறைய நடக்கிறேன் என்பேன்.