பேண்ட்ஸ் என்றால் எது

மில்டன்ஹால் விமானத்தளத்தின் வாசலில்
ராஜாவின் பெயரில் பலகை.
உள்ளே போனால்
குழாய்த் தண்ணீர் தவிர எல்லாம் அமெரிக்கா.
அங்கிருந்து ஒன்றரை மைலில்
கசாப்புக்கடைக்கும் சலூனுக்கும் நடுவே
என் தையல்கடை.

முதல் வாரமே தகராறு.
சார்ஜென்ட் ஹக்கபி போனில் சொன்னார்:
ரெண்டு பேண்ட்ஸ், நீளம் குறைக்கணும்.
எனக்கு அதில் குழப்பமே இல்லை,
ஈரோட்டில் நான் வெட்டிப் பழகியதும் பேண்ட்தான்.
நான் திருப்பிச் சொன்னதைக் கேட்டு
பக்கத்தில் நின்ற கேட்டர்மோல்தான்
டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.
இந்த ஊரில் அது ஜட்டி.

அன்றைக்கே பேரேட்டின் நடுவே
சாக்கட்டியால் கோடு கிழித்தேன்.
இடப்பக்கம் அவர்கள், வலப்பக்கம் இவர்கள்.
வெஸ்ட், அவர்களுக்குக் கோட்டுக்கு உள்ளே போடுவது;
இவர்களுக்குப் பனியன்.
சஸ்பெண்டர், அங்கே தோளில் மாட்டுவது;
இங்கே ஆண்பிள்ளை கேட்டால்
கடையில் பேச்சு நின்றுவிடும்.
ஒரே பாஷைக்காரர்கள் இரண்டு பேருக்கு
துபாஷி வேலை பார்க்க
காவிரிக்கரையிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது.

அங்குலம் மட்டும் இருவருக்கும் அங்குலம்.
அந்த ஒரு நாடாவை வைத்துப் பிழைத்தேன்.

கேட்டர்மோல்
சர்க்கரைக்கிழங்கு லாரி ஓட்டியவர்.
பதினொரு மணிக்கு வந்து ஸ்டூலில் உட்காருவார்.
அக்டோபர் கடைசியில் பிள்ளைகள்
பேய்வேஷத்தில் கதவைத் தட்டுவது,
பேரன் குப்பையை டிராஷ் என்பது,
காபிக் கோப்பை வாளியாக வளர்ந்தது,
எல்லாம் அவனுங்க வேலை.
சொல்லி முடித்ததும்
தளத்துக் கடையில் யாரோ வாங்கிக் கொடுத்த
கடலை வெண்ணெய் பிஸ்கட்டை
முக்கி முக்கித் தின்பார்.

ஹக்கபி ஜார்ஜியா.
டீயில் ஐஸ் போடுகிற ஊர்.
வந்த புதிதில் பால் ஊற்றிய டீயை
பேதிமருந்து போலப் பார்த்தார்.
நான்கு வருஷம்.
இப்போது என் கெட்டிலை அவரே தட்டிவிடுகிறார்.
வெளியே கொட்டுகிற மழையை
பரவாயில்லை ரகம் என்கிறார்.
போன மாதம் ஒருவன் அவர் காலை மிதித்தான்,
இவர் மன்னிப்புக் கேட்டார்.
யாருப்பா பேசறது என்றாளாம்
போனில் அவர் அம்மா.

அவர் மகளுக்கு இரண்டு நாக்கு.
பள்ளி வாசல்வரை ஒன்று,
கார்க்கதவு சாத்தியதும் இன்னொன்று.
ரோட்டைக் கடக்கும்போதுதான் சிக்கல்,
எந்தப் பக்கம் முதலில் என்று தெரியாமல்
இருபக்கமும் மும்மூன்று தடவை பார்ப்பாள்.

நேற்று ஹக்கபி கடைசித் துணியை வாங்க வந்தார்.
மாற்றலாகி ஊர் திரும்புகிறார்.
என் டிரவுசர்ஸ் முடிஞ்சதா?
எந்தப் பக்கத்தில் தேடுவது என்று
கை பேரேட்டின் மேல் நின்றது.

அப்போதுதான் கேட்டர்மோல்
மளிகைப் பையிலிருந்து எடுத்து வைத்தார்.
தோல் ஜாக்கெட். பழுப்பு.
ஜிப்பில் பாதிப் பல் இல்லை.
லைனிங்கில் மையால் எழுதிய பெயர்,
முதல் இரண்டு எழுத்துக்குப் பிறகு
வேர்வையில் ஊறிப்போயிருந்தது.
கீழே ஓஹையோ மட்டும் படிக்க முடிந்தது.

அம்மா அலமாரியில் கிடந்துச்சு என்றார்.
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.
இவருக்கு வருகிற வருஷம் எண்பத்தொன்று.
நான் இடுப்பும் தோளும் அளப்பவன்,
மாதக்கணக்கு அளப்பதில்லை.

தோளைக் கொஞ்சம் பிடிக்கணுமா பாரு.
போட்டுவிட்டு நாடாவை எடுத்தேன்.
வைத்தேன்.
பிடிக்க ஒன்றுமில்லை,
விடவும் ஒன்றுமில்லை.
கைநீளம் மணிக்கட்டில் வந்து நின்றது,
ஆளை நிறுத்தி வெட்டியதுபோல.

கடைக்குள் கொஞ்சநேரம்
கெட்டில் மட்டும் பேசியது.

ஹக்கபி காலரை ஒருமுறை தடவிப் பார்த்தார்.
ஜிப்பர் மட்டும் போட்டா போதும் சார் என்றார்.
ஜிப் என்று திருத்தினார் கேட்டர்மோல்,
கண்ணாடியை விட்டுத் திரும்பாமல்.

பேரேட்டைத் திறந்தேன்.
கோடு பழசாகிப் பாதி அழிந்திருந்தது.
அதன் மேலேயே எழுதிவைத்தேன்:
பன்னிரண்டு பவுண்டு,
வெள்ளிக்கிழமை.