விட்டுப்போன வரி

ரோலாவில், டைப்பிங் சென்டருக்கு மேல்மாடி.
வியாழன் இரவு எட்டரைக்கு வகுப்பு:
தொழில்முனைவோர் பயிற்சி, பன்னிரண்டு வாரம்,
முந்நூறு திர்ஹம், இரண்டு தவணை.
பெஞ்சில் ஒன்பது பேர்.
கார் சீட்டுக்கு உறை தைக்கப்போகும் இருவர்,
லாரி வாங்கியே தீருவேன் என்கிற பரமக்குடிக்காரர்,
கடைசியில், தூங்கி விழும் நான்.

ஷிஃபானாவுக்கு என்னைவிடப் பதினான்கு வயது குறைவு.
காதில் செருகிய பேனாவை மறந்து
மேசையெல்லாம் பேனா தேடுவாள்.
முதல் வாரமே ஒரு தாள் தந்தாள்:
உங்கள் வாடிக்கையாளர் யார்?

எல்லோரும், என்று எழுதினேன்.
ஒன்பது வருடம் கம்பெனிக்காகத்
தண்ணீர்த் தொட்டி கழுவியவன்.
இனி எனக்காகக் கழுவப்போகிறேன்.
தண்ணீர் வேண்டாதவர் யார்?

ஒரே கோடாக அடித்தாள்.
"எல்லோரும்னா ஒருத்தரும் இல்லை, சூசை அண்ணே.
பத்துப் பேரிடம் போய்க் கேளுங்க.
விற்கக் கூடாது. கேட்க மட்டும்."

விற்காமல் கேட்பது,
வாயில் வெந்நீரை வைத்துக்கொண்டு நிற்பது போல.
அல் நஹ்தாவில் தெரிந்த கட்டிடம் ஒன்றில் ஏறினேன்.
"தொட்டியா? எங்கே இருக்கு?" என்றார் ஏழாம் மாடிக்காரர்,
ஆறு வருடமாக அதே தண்ணீரில் குளிப்பவர்.
அவர் மகள்தான் உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள்:
ஜூலையில் ஹீட்டரை அணைத்துவிட்டால்
சிவப்புக் குழாயில்தான் குளிர்ந்த நீர்,
நீலத்தில் கை வைத்தால் பொசுங்கும்.
கழுவுகிறவனுக்கு அது தெரியாமல் இருந்தது.
குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்,
எதற்கென்று தெரியாமலே.

வாட்ச்மேன் ரொகிபுல் இன்னும் தெளிவு:
"மொட்டைமாடிச் சாவி என்னிடம்.
முடிவு மேனேஜரிடம்.
பணம் அல் ஐனில் இருக்கிற முதலாளியிடம்.
தாகம் மட்டும் இங்கே."

ஆறாம் வாரம் செலவுக் கணக்கு.
பம்ப், குளோரின், கயிறு, முகமூடி,
லைசென்ஸ், வேனில் பாதி வாடகை,
ரொகிபுலுக்கு டீ.
தொட்டிக்கு முந்நூறு மிஞ்சும் என்றால்
வருடத்துக்கு நாற்பத்து மூன்று தொட்டி,
அதற்கு மேல் எல்லாம் லாபம்!
பரமக்குடிக்காரர் முதுகில் தட்டினார்.

ஷிஃபானா மேலிருந்து கீழே பார்த்தாள்,
கீழிருந்து மேலே பார்த்தாள்.
"உங்க கூலி எங்கே?"
"நானேதானே வேலை செய்யப்போறேன்."
"அதனாலதான் கேட்கிறேன்."

கட்டிலில் மேல்தட்டு என்னுடையது.
போர்வைக்குள் போன் வெளிச்சத்தில்
பழைய நோட்டைப் புரட்டினேன்.
ஏஜெண்ட் கடன். தங்கை கல்யாணம்.
தம்பி காலேஜ். வீட்டுக்குக் காங்கிரீட்.
ஒவ்வொரு மாதமும் கச்சிதமாகக் கூட்டப்பட்டிருக்கிறது.
நான் மட்டும் எங்கும் இல்லை.
தலைவலி மாத்திரை இரண்டு திர்ஹம்
'இதர' என்பதற்குள் இருந்தது.
அந்த 'இதர'தான் நான்.

ஆயிரத்து எண்ணூறு, என்று எழுதினேன்.
கை கூசியது.
ஆயிரத்து ஐந்நூறு ஆக்கினேன்.
என்னோடு நானே பேரம் பேசி
நானே முந்நூறு இறங்கிவந்தேன்.
நாற்பத்து மூன்று, நூற்று மூன்றானது.
கீழ்க்கட்டிலில் இருந்து குரல்: வெளிச்சத்தை அணை.

மறுவாரம் பரமக்குடிக்காரர் வரவில்லை.
அவர் லாரி எந்த வரியில் கவிழ்ந்ததோ.

நூற்று மூன்று தொட்டிக்கு
என் இரண்டு கை போதாது.
வெள்ளிக்கிழமைகளில் வருகிறாயா என்று
ரொகிபுலைக் கேட்டேன்.
"எவ்வளவு கொடுத்தாலும் சரி, பாய்."
"எவ்வளவு கொடுத்தாலும்னா அது தொகையே இல்லை,
யோசித்துச் சொல்" என்றேன்,
ஷிஃபானாவின் குரலில்.

விரல்விட்டு எண்ணினான். சிரித்தான். சொன்னான்.

நான் பயந்ததைவிடக் குறைவு.
மிகவும் குறைவு.
பேனா தாளைத் தொட்டபடி
கொஞ்ச நேரம் நின்றது.

அந்தக் கொஞ்ச நேரத்துக்கு
இதுவரை நடந்த பாடங்களில் பெயர் இல்லை.
இன்னும் நாலு வாரம் பாக்கி.