ஞாயிறு தரவும்

இருபத்தேழு கசட்,
ஒரு பெயின்ற் வாளி நிறைய.
கல்முனைக்குடியில், சந்தைக்குப் பின்னால்,
போன் திருத்துகிற என் மேசையில் கவிழ்த்தபோது
முதலில் விழுந்தது பல்லி முட்டையின் ஓடு.
மறுகா, கல்லாகிப்போன ஒரு சோற்றுப் பருக்கை.

வெள்ளவத்தையில் ஒருவர் இவற்றைச் சேர்க்கிறார்.
படம் கேட்டார், அனுப்பினேன்.
"பேர் கிறுக்கினதுக்குப் பாதி விலைதான் தங்கச்சி"
என்று குரலில் பதில் வந்தது.
பின்னால் பஸ் ஹோர்ன்.

சரி, அழிப்போம்.

திருகாணியில் ஆறு பக்கப் பள்ளம்.
பொருந்தும் சாவி என்னிடம் இல்லை.
பேனைத் தண்டை மெழுகுதிரியில் உருக்கி,
சூட்டோடு அழுத்தி, ஆறவிட்டு,
அதையே சாவியாக்கினேன்.
உள்ளே செப்புப் பல்வரிசை.
படம் வராவிட்டால் ஊதுவார்களே,
அந்த ஊதலெல்லாம் அங்கேதான் இருந்தது
எச்சிலும் கடற்காற்றும் பச்சையாய்ப் பூத்து.
ஒரு தெருப் பொடியன்மார் அத்தனை பேருடைய மூச்சும்
அழிறப்பரில் உருண்டு உருண்டு
கறுப்புப் புழுவாய் என் மடியில் விழுந்தது.

வெளியழுக்குச் சுலபம்.
சவர்க்கார நுரை, பழைய பல் பிரஸ்,
விளிம்பு இடுக்குக்கு ஓர் ஈர்க்கு.
முறுக்குத் தின்ற கையா, தலைக்கு எண்ணெய் வைத்த கையா,
தெரியாது. இரண்டும் ஒரே மண்ணிறப் பிசின்.

மார்க்கர்தான் பிடிவாதம்.
அழியாத மைக்கு மேலே
அழியும் மையால் எழுத வேண்டும்,
பள்ளிக்கூட வெள்ளைப்பலகையில் எழுதுவார்களே, அந்த மை.
ஈரம் காயமுன் துடைத்தால்
புதியது பழையதைக் கையோடு கூட்டிக்கொண்டு போகும்.
மிச்சத்துக்குப் பார்மசி ஸ்பிரிட்.
படம் ஒட்டிய பக்கம் மட்டும் துளி படக்கூடாது.
ஒருமுறை பட்டது,
விமானத்தின் ஒரு சிறகு பஞ்சோடு வந்துவிட்டது.

இப்படி அழித்தவை:
150/=
பர்ஸான்
பர்ஸான்
பர்ஸான் தொடப்படாது
(தொட்டுவிட்டேன் காக்கா.
எல்லாத்தையும் வித்துப்போடு என்று
தோஹாவிலிருந்து நீங்கதானே சொன்னீங்க.)

இருபத்து மூன்றாவது,
சாம்பல் நிறம் மஞ்சளாகிப்போன ஓடு.
முதுகில் கறுப்பால் அடைத்த ஒரு பெட்டி.
எழுத்தே இல்லை.
குறுக்கும் நெடுக்கும் அமத்தி அமத்தி
ஒரு கை கோபமாய் உழுதிருந்தது.

நாலு பஞ்சு முடிந்தது. மை போனது.
போன இடத்தில் ஒரு வெளிறிய சதுரம்,
கடிகாரம் கழற்றிய மணிக்கட்டு மாதிரி.
அதற்குள்ளே இன்னும் வெளிறலாய்,
வாங்கிய நாளின் நிறத்தில்:
சுகிர்தன். பாண்டிருப்பு.
ஞாயிறு தரவும்.

நகத்தால் சுரண்டினேன். வரவில்லை.
அது மையே இல்லை.
அந்த எழுத்துகள் வெயில் படாமல்
தங்களுக்குக் கீழே காத்து வைத்திருந்த பிளாஸ்டிக்.
இனி எதை வைத்துத் துடைக்க?

காக்காவுக்கு எடுத்தேன்.
"அது நம்மடதான்" என்றார்.
"காசு குடுத்து வாங்கின சாமான்."
மறுகா, "அங்க மழையா?" என்று கேட்டார்.
இல்லை என்றேன்.
"இங்க சரியான வெக்கை."
கொஞ்ச நேரம் இரண்டு பேரும்
சும்மா லைனில் இருந்தோம்.

செருகிப் பார்த்தேன்.
ஊதாமலே வேலை செய்கிறது.
டீவி நீலமாகி, கீச்சென்று ஒரு இசை எழுந்து அடங்கி,
ஆடுவது ஒருவரா இருவரா என்று கேட்டபடி
அம்புக்குறி துடித்துக்கொண்டே நின்றது.
நான் எதையும் அமத்தவில்லை.

வெள்ளவத்தைக்கு இருபத்தாறு பார்சல் கட்டினேன்.
"ஒன்று குறையுதே தங்கச்சி?"
பேர் போகவில்லை என்று எழுதினேன்.
"பரவாயில்ல, பாதி விலைக்கு எடுக்கிறன்."
அதற்கு இன்னும் பதில் போடவில்லை.

பாண்டிருப்பு, பிரதான வீதியால்
சைக்கிளில் கால் மணி நேரம்.
இன்று வியாழன்.