பதம்

கோத்லா-யார்வே. ஜனவரி.
சாம்பல் குன்றுகளின் மேல் எவ்வளவு பனி கொட்டினாலும்
வெள்ளையாகாத சில இடங்கள் உண்டு.
உள்ளே இன்னும் கனல்கிறது என்பார்கள்.
கல்லைச் சுட்டு எண்ணெய் வடித்த ஊர்.
அடுப்பை அணைத்தார்களா, மூடிவைத்தார்களா,
யாருக்கும் நிச்சயமில்லை.

ஹெல்வி இரவுப் பணிக்கு வருகிறாள்.
கையுறையை உருவும்போது
இடது கட்டைவிரலில் அந்தக் குழி தெரிகிறது.
குரோமியம் தின்ற இடம்.
ஒன்பது வருடம் பழைய கூடத்தில் நின்றவள்.
ஆரஞ்சாக ஊற்றுவார்கள்,
பச்சையாக வடியும்.
ஒரு வாளி வாசனைத் திரவத்துக்கு
மூன்று பீப்பாய்ப் பச்சை.
எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டாள்.
"கொண்டுபோகிறோம்" என்றார்கள்.

இந்தக் கூடத்தில் பீப்பாய் கிடையாது.
ஊறுகாய் ஜாடி அளவுக்கு ஒரு கண்ணாடிக் கலம்.
இரண்டு தகடு, இரண்டு கம்பி,
உப்பிட்ட தண்ணீர், அதன்மேல் டொலுவீன்,
ஒட்டாத இரண்டையும் ஒட்டவைக்கப்
படாத பாடு படும் ஒரு சிறு காந்தம்.

கணக்கு எளிது.
காகிதத்தில் எதுதான் எளிதில்லை?
மூலக்கூறு ஒன்றிடமிருந்து
நான்கு எலெக்ட்ரான்களை வாங்கிக்கொள்.
தண்ணீர் தன் ஆக்சிஜனைக் கொடுக்கும்.
வாதுமை வாசனை பிறக்கும்.
எதிர்த்தகட்டில் ஹைட்ரஜன்
பொரியரிசி போல் குமிழ்விட்டு ஏறும்.
அவ்வளவுதான். நான்கோடு நில்.

அந்த நிற்பதுதான் நடப்பதில்லை.
ஆறு, பதினைந்து, இருபது என்று
கொடுத்துக்கொண்டே போகும் அந்தப் பைத்தியம்
முப்பத்தாறையும் கொடுத்துவிட்டுக்
கரியமில வாயுவாகிக்
கூரைக் குழாய் வழியே வெளியேறும்.

எரிக்க யாருக்கும் தெரியும்.
பாகு காய்ச்சுகிற கைக்குத்தான் தெரியும்,
கம்பிப் பதத்துக்கும் கருகலுக்கும் நடுவில்
ஒரு மூச்சுதான் இடம் என்று.

செப்டம்பரிலிருந்து நாற்பத்தொரு ஓட்டம்.
குறிப்பேட்டில் ஒவ்வொன்றுக்கும் எதிரே
"புகை" என்று எழுதியிருக்கிறாள்.
இருபதுக்குப் பிறகு
வெறும் "பு".

இன்றைக்கு வளைகுடாவிலிருந்து நல்ல காற்று.
காற்றாலைகள் சுற்றுகிற சுற்றில்
மின்சாரம் தண்ணீர் விலைக்கு.
நாற்பத்திரண்டைத் தொடங்குகிறாள்.

மூன்று மணிக்கு மேல்
மீட்டர் முள் துடிக்கத் தொடங்கியது.
விழுந்தது. எழுந்தது. விழுந்தது.
எங்கோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது.
கென்னாதியைக் கூப்பிட்டாள்.
"பனி வாருகிறேன். அரை மணி ஆகும். எதையும் தொடாதே."

தொடவில்லை.
நாற்காலியில் உட்கார்ந்து
முள் கண்சிமிட்டுவதையே பார்த்திருந்தாள்,
கோபமும் தூக்கமும் மாறிமாறி வர.

நேரமாயிற்றே என்று மாதிரி எடுக்கக்
குழாயைத் திறந்தபோது
கிறிஸ்துமஸ் கடைத்தெரு.
மார்சிபான்.
கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிய
இளஞ்சிவப்புப் பன்றிக்குட்டிகள்.

மின்சாரம் வந்து, போய், வந்து...
போன அந்த இடைவெளியில்தான்
நான்கு கொடுத்து முடித்த மூலக்கூறு
தகட்டை விட்டு நழுவியிருக்க வேண்டும்.
ஐந்தாவதைக் கேட்கிற நேரத்தில்
கேட்டவர் கொஞ்சம் கண் அயர்ந்துவிட்டார்.

தமிழில் அணைப்பது என்றால்
தீயைக் கொல்வதும் ஆகும்,
மார்போடு சேர்ப்பதும் ஆகும்.
ஹெல்விக்கு இது தெரியாது.
சூடான கலத்தின் மேல்
இரண்டு உள்ளங்கையும் வைத்து நிற்கிறாள்.

கதவு திறக்கிறது. காலணியெல்லாம் பனி.
கென்னாதி திருப்புளியோடு
நேரே கம்பி முனைக்குப் போகிறான்.

"திருகாதே!"

அவள் இப்படிக் கத்தி அவன் கேட்டதில்லை.

குறிப்பேட்டில் பழக்கதோஷத்தில்
"பு" என்று எழுதி அடிக்கிறாள்.
அதற்குப் பதில் என்ன எழுதுவது என்று
இன்னும் தெரியவில்லை. ஒரு தடவைதானே நடந்திருக்கிறது.

கென்னாதி தன் பழுதுபார்ப்புத் தாளை நீட்டுகிறான்.
ஏதாவது நிரப்பித்தான் ஆகவேண்டும் அவனுக்கு.
அவள் சொல்லச்சொல்ல எழுதுகிறான்:

பழுது இருக்கிறது.
சரிசெய்யவில்லை.